கண் காணாத ஓடுபாதையில் விமானம் இறங்குவது எங்ஙனம்?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. (இயற்பியல்)

1929 ஆம் ஆண்டு செப்டம்பர் 24 ஆம் நாள். அமெரிக்காவில் நியூயார்க்கை அடுத்த மிட்செல் விமானத் தளத்தில் ஜேம்ஸ் டூலிட்டில் என்ற விமானி ஒரு சிறு விமானத்தின் பின் இருக்கையில் அமர்ந்து, தலைக்கு மேலே துணியாலான மூடியை இழுத்து மூடிக்கொண்டார். வெளியுலகம் அவருக்கு இம்மியும் தெரியாது. முன் இருக்கையில் பென் கெல்சி என்பவர், ஆபத்து நேர்ந்தால் மட்டும் உதவுவதற்காக உட்கார்ந்திருந்தார். டூலிட்டில் விமானத்தை மேலே கிளப்பினார், வட்டமிட்டார், புறப்பட்ட தளத்திலேயே கொண்டுவந்து இறக்கினார். பதினைந்து நிமிட வேலைதான். அந்தப் பதினைந்து நிமிடமும் அவர் கண்கள் பார்த்தவை, ஸ்பெர்ரி நிறுவனத்தார் செய்த செயற்கைத் தொடுவானம், திசை காட்டும் சுழலி, கோல்ஸ்மன் செய்த நுட்பமான உயரமானி, வானொலி வழிகாட்டி ஆகியவற்றின் முகங்களை மட்டுமே.

அன்று தொடங்கிய கலை இன்று எங்கோ போய்விட்டது. 1965 ஜூன் 10 ஆம் நாள் பாரிசிலிருந்து பயணிகளுடன் வந்த டிரைடன்ட் விமானம் ஒன்று, தரையைத் தொடும் இறுதிக் கட்டத்தைக் கருவியே நடத்த, லண்டன் ஹீத்ரோவில் இறங்கியது. "இப்போதெல்லாம் விமானம் தானாகவே இறங்கிவிடுமாமே, பொத்தானை அழுத்தினால் போதுமாமே, பிறகு விமானிக்கு ஏன் அவ்வளவு சம்பளம்?" என்று நம் நண்பர்கள் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதே. கருவி சொன்னதைச் செய்யும் என்பதில் ஐயமில்லை. நாம் அதனிடம் சொன்னது என்ன என்பதில்தான் சிக்கல் எல்லாம் இருக்கிறது. இக்கட்டுரையை எழுதும் நான் விமானத்தில் ஏறியவனல்லன். எங்கள் குடும்பத்தில் எவரும் ஏறியதில்லை. ஆயினும் இதனுள் இருக்கும் இயற்பியல் முழுவதும் நம் இரண்டாம் ஆண்டுப் பாடத்துக்குள் அடங்குவது என்று கண்டபோது எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் 'ஐ.எல்.எஸ்.' எனப்படும் கருவி இறக்க அமைப்பைக் காண்போம். ஓடுபாதையின் மறுகோடிக்கு அப்பால் வரிசையாக நிற்கும் ஏரியல்கள் 108 முதல் 112 மெகா ஹெர்ட்ஸ் வரையிலான ஓர் அலையை விமானம் வரும் திசை நோக்கிப் பரப்புகின்றன. அந்த அலையின் மீது 90 ஹெர்ட்ஸ், 150 ஹெர்ட்ஸ் என இரண்டு தொனிகள் வீச்சுப் பண்பேற்றம் செய்யப்பட்டிருக்கும். இறங்க வரும் விமானத்துக்கு நடுக்கோட்டின் இடப்புறத்தில் 90 ஓங்கியிருக்கும். வலப்புறத்தில் 150 ஓங்கியிருக்கும். நடுக்கோட்டில் இரண்டும் சமம். விமானத்திலுள்ள ஏற்பி இரண்டையும் பிரித்து, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து, மீதியைக் கொண்டு ஒரு முள்ளை நகர்த்துகிறது. முள் நடுவில் நின்றால் கழித்தல் கணக்கின் விடை சுழி என்று பொருள். அவ்வளவுதான். நம் ஆய்வுக்கூடத்தில் வீட்ஸ்டன் சமனச் சுற்றில் கால்வனோமீட்டர் முள் சுழியில் நிற்பதைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்தவர்களுக்கு இதில் புதுமை ஏதுமில்லை.

இடம் வலம் காட்ட ஓர் அலை போதும். மேல் கீழ் காட்ட மற்றொன்று வேண்டும். இதற்கான ஏரியல் விமானம் தரை தொடும் இடத்துக்குப் பக்கவாட்டில் ஒரு கம்பத்தில் இருக்கும். அதன் அலையெண் 330 மெகா ஹெர்ட்ஸை ஒட்டியது. இங்கும் அதே 90, அதே 150. சரிவுக்கு மேலே 90, கீழே 150. சரிவின் கோணம் பெரும்பாலும் 3 பாகை. ஆனால் இந்த 3 பாகை எப்படிக் கிடைக்கிறது என்பதுதான் என்னை மிகவும் கவர்ந்த இடம். ஏரியலிலிருந்து நேரே செல்லும் அலையும், தரையில் பட்டு எதிரொளித்துச் செல்லும் அலையும் வானத்தில் ஒன்றுகூடிக் குறுக்கிடுகின்றன. ஒளியியல் வகுப்பில் லாயிட் ஒற்றை ஆடியைக் கொண்டு நாம் பார்த்த பட்டைகள் நினைவிருக்கும். அங்கே கண்ணாடித் துண்டு செய்த வேலையை இங்கே விமான நிலையத்துப் புல்தரை செய்கிறது! ஆகவே அந்தத் தரை சமமாக இருக்க வேண்டும். கருவி இறக்கம் நடக்கும்போது ஏரியலுக்கு முன்னே வண்டி வாகனங்கள் நிற்கக் கூடாது.

குறுக்கீட்டுப் பட்டை ஒன்றோடு நிற்பதில்லை என்பதும் நாம் அறிந்ததே. 3 பாகையில் ஒரு சரிவு உண்டானால், மேலே 9 பாகையை ஒட்டி இன்னொரு போலிச் சரிவும் உண்டாகும். அதிலும் முள் நடுவில் நிற்கும். உயரத்தைக் குறைக்கத் தவறி மேலிருந்து வந்து சேரும் விமானம் இந்தப் போலியைப் பற்றிக்கொள்ளக் கூடும். அதனால்தான் சரிவைக் கீழிருந்து பற்ற வேண்டும் என்று விமானிகளுக்குப் பாடம் சொல்கிறார்கள். முள் நடுவில் இருப்பதால் மட்டும் நாம் சரியான பாதையில் இருக்கிறோம் என்றாகாது என்பதற்கு இதுவே முதற்சான்று.

இந்த 3 பாகையை ஒரு கணக்காக மாற்றிக்கொள்வோம். 3 பாகையின் டான்ஜென்ட் 0.0524. ஒரு கடல் மைல் 6,076 அடி. பெருக்கினால் 318. அதாவது ஒரு கடல் மைல் முன்னேறும்போது ஏறத்தாழ 318 அடி இறங்க வேண்டும். விமானிகள் இதை இன்னும் எளிதாக்கி, ஆயிரம் அடிக்கு மூன்று கடல் மைல் என்று வைத்துக்கொள்கிறார்கள். 35,000 அடியில் பறக்கும் விமானம் இறங்கத் தொடங்க வேண்டிய இடம் ஓடுபாதைக்கு 105 கடல் மைலுக்கு முன். வேகத்தைக் குறைப்பதற்கு மேலும் ஒரு பத்து மைல். அங்ஙனமே மணிக்கு 140 கடல் மைல் வேகத்தில் வரும்போது அதை ஐந்தால் பெருக்கினால் 700. நிமிடத்துக்கு ஏறக்குறைய அத்தனை அடி இறங்கினால் சரிவில் இருக்கலாம். இக்காலத்தில் இவற்றையெல்லாம் விமானி அறையிலுள்ள பறத்தல் மேலாண்மைக் கணிப்பொறி கணக்கிட்டுத் திரையில் ஒரு கோடாக வரைந்துவிடுகிறது. வருகைப் பாதையில் இந்த இடத்தை இத்தனை அடிக்கு மேலே கடக்க வேண்டும், இந்த இடத்தில் வேகம் இவ்வளவுக்கு மிகக் கூடாது என்ற கட்டளைகளும் அதன் நினைவகத்தில் இருக்கும். இருந்தும் அனுபவமுள்ள விமானிகள் மூன்றால் பெருக்கும் மனக்கணக்கை விடுவதில்லை. கணிப்பொறி சரியான கேள்விக்குத்தான் விடை சொல்கிறதா என்று அறிய அதைவிட மலிவான கருவி வேறில்லை.

இவ்விடத்தில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. என் தந்தையார் லாரி ஓட்டுநர். தொப்பூர்க் கணவாய் இறக்கத்தைப் பற்றி அவர் சொல்வார்: "மேலேயே கியரைக் குறைச்சுக்கணும். பாதி இறக்கத்துல பிரேக்கைத் தேடினா, அப்ப பிரேக் இருக்காது." விமானத்துக்கும் இது பொருந்தும். சுமையேற்றிய ஜெட் விமானத்தில் வேகமாக இறங்கவும் வேண்டும், அதே நேரத்தில் வேகத்தைக் குறைக்கவும் வேண்டும் என்றால் நடவாது. நிலையாற்றல் எங்கேனும் போயாக வேண்டுமே! அதற்காக இறக்கையின் மேல் தகடுகளை உயர்த்திக் காற்றுத் தடையைக் கூட்டுவார்கள். இந்தத் தகடுகளைப் பற்றிச் சற்றுப் பின்னர் மீண்டும் பேச வேண்டியிருக்கும்.

ஆட்டோ பைலட்டுக்குப் பல 'முறைகள்' உண்டு. ஒரு முறையில் அது திசையைக் காக்கும், மற்றொன்றில் உயரத்தைக் காக்கும், வேறொன்றில் கணிப்பொறியின் கோட்டைப் பின்பற்றும், இன்னொன்றில் ஐ.எல்.எஸ். அலையைப் பற்றும். எந்த முறை இயங்குகிறது, எந்த முறை தன் முறைக்காகக் காத்திருக்கிறது என்பது திரையின் உச்சியில் சிறு எழுத்துகளாக, வெவ்வேறு நிறங்களில் தெரியும். பொத்தானை அழுத்தினோம் என்பது சான்றாகாது. அந்த எழுத்துகள் மாறினவா என்று பார்த்து, வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஏன் இத்தனை கெடுபிடி என்பதற்கு 1992 ஜனவரி 20 ஆம் நாள் பிரான்சில் நடந்தது விடை. லியோனிலிருந்து ஸ்ட்ராஸ்பர்க் வந்த ஏர்பஸ் 320 விமானம் இரவில் மலையில் மோதி, அதிலிருந்த 96 பேரில் 87 பேர் இறந்தனர். அந்த விமானத்தில் ஒரே குமிழைக் கொண்டு இறங்கும் கோணத்தையும் தரலாம், இறங்கும் வேகத்தையும் தரலாம். எது என்பது முறையைப் பொறுத்தது. 3.3 பாகை கோணம் வேண்டும் என்று விமானிகள் 33 என வைத்திருக்க, முறை மாறியிருந்ததால் கருவி அதை நிமிடத்துக்கு 3,300 அடி என எடுத்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதே புலனாய்வாளர்கள் மிகவும் ஏற்கத்தக்கது எனக் கருதிய விளக்கம். தேவைப்பட்டதோ நிமிடத்துக்குச் சுமார் 800 அடி. அலகு எழுதாத விடைக்கு நம் ஆசிரியர்கள் மதிப்பெண் குறைப்பதை இனி நான் குறை கூறப் போவதில்லை. பின்னர் ஏர்பஸ் நிறுவனத்தார் இறங்கும் வேகத்தை நான்கு இலக்கங்களில் காட்டும்படி மாற்றினர்.

எண் அன்றி எழுத்தும் ஏமாற்றும். 1995 டிசம்பர் 20 ஆம் நாள் இரவு, மயாமியிலிருந்து கொலம்பியாவின் காலி நகருக்கு போயிங் 757 விமானம் ஒன்று வந்துகொண்டிருந்தது. இருபுறமும் மலைத்தொடர்கள், நடுவே பள்ளத்தாக்கு, அதன் வழியே வடக்கிலிருந்து வருகை. காலியின் ராடாரைக் கிளர்ச்சியாளர்கள் 1992இல் தகர்த்துவிட்டிருந்தனர். ஆதலால் விமானம் எங்கே வருகிறது என்று கட்டுப்பாட்டாளர் பார்க்க வழியில்லை. ஊரைக் கடந்துபோய்த் திரும்பி வந்து இறங்குவதாக முதலில் திட்டம். நேராகவே வந்து இறங்கலாமா என்று கட்டுப்பாட்டாளர் கேட்டார். விமானிகள் இசைந்தனர். நேரம் மிச்சம், ஆனால் இறங்க வேண்டிய தூரம் சட்டென்று சுருங்கிவிட்டது. உயரம் அதிகம். தகடுகளை உயர்த்தி வேகமாக இறங்கினர். இதற்கிடையே காலிக்கு நேர்வழி போ என்று கணிப்பொறிக்குச் சொன்னதில், நடுவே கடக்க வேண்டிய டுலுவா என்ற இடம் திரையிலிருந்து மறைந்துபோயிற்று. அடுத்துச் செல்ல வேண்டியது ரோசோ என்ற வானொலி நிலையம். வரைபடத்தில் அதன் அடையாளம் ஆர். கணிப்பொறியில் ஆர் என்று தட்டினர். கணிப்பொறியின் நினைவகத்திலோ ரோசோ முழுப் பெயரால் பதிவாகியிருந்தது. ஆர் என்ற எழுத்துக்கு முதலில் வந்தது 130 கடல் மைலுக்கும் அப்பால் தலைநகர் பொகோட்டாவை அடுத்திருந்த ரோமியோ என்ற நிலையம். விமானம் சொன்னபடி இடப்புறம் திரும்பி, இருட்டில் கிழக்கு மலைத்தொடரை நோக்கிப் போயிற்று. இறக்கமும் நிற்கவில்லை.

சுமார் ஒரு நிமிடம் கழித்து விமானிகள் ஐயுற்றுத் திருப்பினர். தரை நெருங்குகிறது என்ற எச்சரிக்கை ஒலித்ததும் முழு விசையுடன் மேலே ஏற முயன்றனர். நாம் முன்னர்ச் சொன்ன தகடுகள் அப்போதும் உயர்த்திய நிலையிலேயே இருந்தன. 163 பேரில் பிழைத்தவர் நால்வர்.

இந்த விபத்தை நினைக்குந்தோறும் என்னை உறுத்துவது, அங்கே எந்தக் கருவியும் பழுதாகவில்லை என்பதே. ஏரியல்கள் அலை பரப்பின. கணிப்பொறி கேட்டதைத் தந்தது. ஆட்டோ பைலட் ஏவியதைச் செய்தது. இதற்குப் பிறகுதான் மலைகளின் உயரங்களையெல்லாம் நினைவகத்தில் ஏற்றி, விமானத்தின் முன்னே உள்ள நிலத்தைத் திரையில் வண்ணமாகக் காட்டி எச்சரிக்கும் கருவி விமானங்களில் பரவலாக இடம்பெற்றது. அதைச் சமைத்த பொறியாளர் டான் பேட்மன் என்பார் 2023இல் மறைந்தார். ஊரறியும் பெயராக அது ஆகவில்லை.

அப்படியாயின் இப்போது எல்லாம் சரியாகிவிட்டதா? 2022 மே 23 ஆம் நாள் பாரிசின் சார்ல் டி கோல் விமான நிலையத்தில் நடந்ததைப் பாருங்கள். இதில் ஒருவருக்கும் சிராய்ப்புக்கூட இல்லை. எனினும் நம் பாடத்துக்கு மிக நெருக்கமானது இதுவே.

உயரமானி என்பது உண்மையில் ஒரு காற்றழுத்தமானி. டூலிட்டில் பயன்படுத்திய கோல்ஸ்மன் கருவிக்கும் இன்றைய கருவிக்கும் தத்துவத்தில் வேறுபாடில்லை. அந்த வேளையில், அந்த ஊரில், கடல்மட்டத்துக்குக் கணக்கிட்ட அழுத்தம் எவ்வளவு என்று கட்டுப்பாட்டாளர் சொல்ல, விமானி அதைக் கருவியில் வைக்க வேண்டும். அந்த எண் தவறினால் உயரமும் தவறும். எவ்வளவு தவறும்? அழுத்த வேறுபாட்டைக் காற்றின் அடர்த்தியாலும் புவியீர்ப்பு முடுக்கத்தாலும் வகுத்தால் உயரம் கிடைக்கும். ஒரு ஹெக்டோ பாஸ்கல் என்பது 100 பாஸ்கல். 100ஐ 1.225 பெருக்கல் 9.8ஆல் வகுத்தால் 8.33 மீட்டர்; ஏறக்குறைய 27.3 அடி. அன்று பாரிசில் அழுத்தம் 1001. கட்டுப்பாட்டாளர் 1011 என்று சொன்னார். விமானிகள் 1011 என்றே திருப்பிச் சொல்லி, அதையே வைத்தனர். வேறுபாடு 10, ஆகவே கருவி காட்டியதைவிட விமானம் 273 அடி தாழ்வாக இருந்தது.

அவர்கள் இறங்கியது ஐ.எல்.எஸ். அலையைப் பற்றி அன்று. செயற்கைக்கோள் இடம் வலம் காட்ட, உயரமானி மேல் கீழ் காட்டும் முறையில். இத்தனை மைலில் இத்தனை அடி என்று வரைபடத்தோடு ஒப்பிட்டால் எல்லாம் சரியாகவே இருக்கும். திரையில் சரிவுக்கான குறி நடுவில்தான் நிற்கும். ஒப்பிடப்படும் உயரமும் அதே உயரமானியிலிருந்து வந்ததல்லவா! திருடனையே சாட்சிக் கூண்டில் ஏற்றி விசாரித்த கதைதான். உண்மைச் சரிவுக்கு இணையாக, 273 அடி கீழே, இன்னொரு சரிவில் விமானம் மழைமேகத்தினூடே இறங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சரிவு போய் முட்டும் இடத்தை நாமே கணக்கிடலாம். உண்மைச் சரிவு ஓடுபாதையின் தொடக்கத்தை 50 அடி உயரத்தில் கடக்கும் எனக் கொண்டால், 273இலிருந்து 50ஐக் கழித்து 318ஆல் வகுக்க, ஓடுபாதைக்கு 0.7 கடல் மைலுக்கு முன்னால். வெறும் நிலத்தில்.

அவர்களைக் காத்தது ஒரு பழைய விதி. குறித்த உயரத்தை எட்டியும் ஓடுபாதை கண்ணுக்குத் தெரியவில்லையென்றால் இறக்கத்தைக் கைவிட்டு மேலேற வேண்டும். ஓடுபாதை தெரியவில்லை, அவர்கள் ஏறத் தொடங்கினர். ஏறுவதற்கு முன் விமானம் தொட்ட மிகக் குறைந்த உயரம், தரையிலிருந்து 6 அடி. ஓடுபாதைக்கு 0.8 கடல் மைல் முன்னே. இரண்டாம் முறை இறங்க வந்தபோதும் கருவியில் அதே 1011தான் இருந்தது. இம்முறை மேகத்துக்கு வெளியே வந்து ஓடுபாதை விளக்குகளைக் கண்டு, பாதையைத் தாமே திருத்திக்கொண்டு பத்திரமாக இறங்கினர்.

அந்த 6 அடியைச் சொன்னது ரேடியோ உயரமானி. 4,200 முதல் 4,400 மெகா ஹெர்ட்ஸ் அலையைத் தரைக்கு அனுப்பி, எதிரொலி திரும்ப எடுத்துக்கொள்ளும் நேரத்திலிருந்து உயரம் காண்பது அது. அழுத்தத்தைப் பற்றி அதற்குக் கவலையில்லை. ஐ.எல்.எஸ். சரிவும் அப்படியே: நிலத்தில் ஊன்றிய கம்பத்திலிருந்து வருவதால், விமானத்தில் என்ன எண்ணை வைத்தாலும் அது நகராது. கருவிகளைக் கொண்டு இறங்கும் கலையில் சரிபார்த்தல் என்பது, வேறு வேரிலிருந்து வரும் ஓர் எண்ணைத் தேடுவதே ஆகும் என்று எனக்குப் படுகிறது. உயரமானியை ரேடியோ உயரமானியோடு, திரையில் எழுந்த கோட்டைக் கையிலிருக்கும் வரைபடத்தோடு, ஐ.எல்.எஸ். அலையெண்ணை, அந்நிலையம் மோர்ஸ் ஒலியாக அனுப்பும் பெயரெழுத்துகளோடு. இரண்டு விமானிகள் இருப்பதும் இதற்கே. ஒருவர் ஓட்ட, மற்றவர் பார்த்துச் சொல்ல வேண்டும். அவர் சொல்லத் தயங்கினால் இருக்கையில் ஆள் இருந்தும் பயனில்லை.

மூடுபனியோ புகையோ நம் நாட்டுக்கும் புதிதல்ல. குளிர்காலத்து டெல்லியை விடுங்கள். 2018 ஜனவரியில் போகிப் புகையும் பனியும் சேர்ந்துகொண்டு சென்னைக்கு வந்த விமானங்களை வேறு ஊர்களுக்குத் திருப்பிவிட்டன. ஆனால் எல்லாச் சிறு விமான நிலையங்களிலும் ஐ.எல்.எஸ். நிறுவிப் பராமரிப்பது செலவுமிக்க காரியம். இதற்கு நம் நாட்டு விமான நிலைய ஆணையமும் இஸ்ரோவும் சேர்ந்து அமைத்த 'ககன்' ஒரு விடையாகும். திருவனந்தபுரம், நாக்பூர், போர்ட் பிளேர் உள்ளிட்ட 15 இடங்களில் உள்ள நிலையங்கள் ஜி.பி.எஸ். அலைகளைப் பெறுகின்றன. தாம் நிற்கும் இடம் அவற்றுக்குத் துல்லியமாகத் தெரியுமாதலால், அலை சொல்லும் இடத்துக்கும் உண்மையான இடத்துக்கும் உள்ள பிழையைக் கண்டுவிடலாம். அந்தத் திருத்தம் நம் ஜி-சாட் செயற்கைக்கோள்கள் வழியே விமானத்துக்குப் போகிறது. நம்பத்தகாத நிலை ஏற்பட்டால், நம்பாதே என்ற செய்தியும் சில நொடிகளில் போய்விடும். 2022 ஏப்ரல் 28 ஆம் நாள், பாரிஸ் நிகழ்ச்சிக்கு ஒரு மாதத்துக்குள் முன்பாக, இண்டிகோ நிறுவனத்தின் ஏ.டி.ஆர். விமானம் ஒன்று ராஜஸ்தானின் கிஷன்கர் விமான நிலையத்தில் இந்த முறையில் இறங்கிக் காட்டியது. இதில் மேல் கீழ் காட்டும் கோணம் செயற்கைக்கோள்களின் தொலைவிலிருந்து வடிவியல் கணக்காகக் கிடைக்கிறது. கட்டுப்பாட்டாளர் 1001 என்பதை 1011 என்று சொன்னாலும் இந்தச் சரிவு ஓர் அடிகூடத் தாழாது.